வலப்பக்கத்து வசனங்கள்

ஜூன் 4, ஞாயிறு

லென்ஸ் கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாகக் கடை மேஜையின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று அதற்கு விடுதலை. காரணம் எங்கள் சபைச் சேகரத்துக்குப் புதிதாக வந்திருக்கும் போதகர் ஐயர். திரவியராஜ் என்று பெயர், நாற்பது வயதுகூட இருக்காது. ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நம்ம மாச இதழை ஒருத்தரும் படிக்க மாட்டேங்காவ. பெரியவங்க கல்யாண அறிவிப்பும் மரண அறிவிப்பும் பாத்துட்டு மூடி வச்சிருதாவ. பிள்ளைகள் அதுவும் பாக்கிறதில்ல. நீங்க ஒரு பக்கம் எழுதுங்க. கடையில ஒக்காந்து ஊரையே பாக்கியள்லா? நம்மளச் சுத்தி நடக்கிறதுல வேதம் எங்க ஒளிஞ்சிருக்குன்னு எழுதுங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாளையங்கோட்டையில் முப்பத்தாறு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். குளத்தில் கண் கழுவிப் பார்வையடையும் குருடனின் படத்தை அப்பா காலத்திலேயே கடைப் பலகையில் வரைந்து வைத்தோம். அந்தப் படத்தைத் தவிர ஞானசிகாமணி என்கிற நான் ஆண்டவருக்காக எதையும் எழுதியதோ வரைந்ததோ கிடையாது.

வீட்டுக்கு வந்து நேசத்திடம் சொன்னேன். என் மனைவி செல்வநேசம் எதற்கும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். "இட்லி மாவு புளிச்சாலே ஒங்களுக்குப் பரிசேயரோட புளிச்ச மாவு ஞாபகம் வந்துரும். ஒரு பக்கம் பத்துமா அத்தான்?" என்றாள். சொல்லிக்கொண்டே அடுக்களைக்குள் போகும்போது இடது தோளை வாசல் நிலையில் இடித்துக்கொண்டாள். இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. நிலை முப்பது வருடமாக அதே இடத்தில்தான் இருக்கிறது.

என் பக்கத்துக்கு "நம் தெருவில் வேதம்" என்று தலைப்பு வைத்திருக்கிறேன். கண்டதையெல்லாம் தினமும் இதில் குறித்துவைக்க வேண்டும்.

ஜூன் 6, செவ்வாய்

ஆட்டோவில் வண்ணார்பேட்டை போனேன். டிரைவர் போனில் வழி சொல்லும் பெண் குரல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தப்பான சந்தில் நுழைந்துவிட்டார். அந்தக் குரல் திட்டவில்லை. முடிந்த இடத்தில் திரும்பச் சொன்னது. அவர் மறுபடியும் தப்பாகப் போனார். மறுபடியும் அதே குரல், அதே பொறுமை. வனாந்தரத்தில் நின்று மனந்திரும்பச் சொன்ன யோவானுக்குக்கூட இவ்வளவு பொறுமை இருந்ததில்லையே என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "சார், ஆஸ்பத்திரிக்கா போணும்?" என்று கேட்டார்.

ஒரு துணிக்கடை வாசலில் நீங்கள் கேமரா கண்காணிப்பில் இருக்கிறீர்கள் என்று பலகை. திருடனுக்கு அது பயமாக இருக்கும். பிள்ளையோடு வனாந்தரத்தில் விரட்டப்பட்ட ஆகாருக்கு, என்னை ஒருவர் பார்க்கிறார் என்பது எத்தனை பெரிய ஆறுதலாக இருந்தது! இதையும் குறித்துக்கொண்டேன். தெருவில் இறங்கினால் போதும், வேதம் கொட்டிக் கிடக்கிறது.

ஜூன் 9, வெள்ளி

நேசம் தட்டில் பாதிச் சோற்றை விட்டுவிட்டாள். நடுவில் கோடு போட்டதுபோல நேர்பாதி. "ஏன் சாப்பிடல?" என்றேன். "எல்லாம் சாப்பிட்டாச்சே" என்றாள். தட்டை எடுக்கப் போனவன் தற்செயலாக அதைத் திருப்பி வைத்தேன். "இதை எப்ப வச்சிய?" என்று கேட்டுவிட்டு மீதியையும் சாப்பிட்டாள். விளையாடுகிறாள்.

நியாயத்தீர்ப்பில் வலது பக்கம் செம்மறியாடு, இடது பக்கம் வெள்ளாடு என்று ஒரு கட்டுரைக்கு இதை வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 12, திங்கள்

நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

எங்கள் வீட்டில் எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். கல்யாணமான நாளிலிருந்து வாசிப்பது நேசம், ஜெபிப்பது நான். அவள் வாசிக்கும்போது சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்பேன். பகல் முழுக்க அடுத்தவர் கண்ணையே பார்த்துவிட்டு வருகிறவனுக்கு அந்தக் கால் மணி நேரம் பெரிய சுகம். இந்த மாதம் ஆதியாகமத்தில் மறுபடியும் தொடங்கினோம். இன்று நோவா.

நோவா பேழையைக் கட்டினார். அதன் நீளம் அகலம் எல்லாம் வாசித்தாள். பிறகு தாளைத் திருப்பும் சத்தம். ஒரு வாக்கியம் பாதியில் நின்று வேறொன்றின் பாதியோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த மூச்சில் புறா ஒலிவ இலையோடு வந்துவிட்டது. மழை இல்லை, நாற்பது நாள் இல்லை, ஒரு உயிரும் சாகவில்லை.

"நேசம், வெள்ளம் எங்க?"

"இருக்கிறதத்தான வாசிக்கேன்" என்றாள். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

எனக்கு மேனி சிலிர்த்துவிட்டது. எழுந்துபோய்ப் புத்தகத்தை வாங்கிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. என்ன ஜெபித்தேன் என்று இப்போது ஞாபகமில்லை.

ஜூன் 13, செவ்வாய்

நேற்று எழுதியதை மூன்று தடவை படித்தேன். ஒன்றும் விளங்கவில்லை. விடவும் முடியவில்லை.

ஜூன் 16, வெள்ளி

விளங்கிவிட்டது! டீக்கடையில் ஒருவர் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் விளம்பரம் வந்தது. மூலையில் ஒரு சின்னப் பொத்தான், தவிர்க்கவும் என்று. அதை ஒரு தட்டுத் தட்டினார், விளம்பரம் போயே போய்விட்டது.

இந்தத் தலைமுறை தவிர்க்கும் பொத்தானைக் கண்டுபிடித்திருக்கிறது என்றால், அதைக் கண்டுபிடிக்கும் ஏக்கத்தை மனுஷனுக்குள் வைத்தவர் யார்? நடுவில் இருக்கும் பாடுகளைக் கத்தரித்து, பேழையிலிருந்து நேராகப் புறாவுக்குக் கொண்டுபோகிற ஒரு கிருபையின் காலம் நமக்கு வரப்போகிறது. அதற்கு முன்னடையாளமாக ஆண்டவர் என் வீட்டில், என் மனைவியின் வாயில், வெள்ளத்தைத் தவிர்த்துக் காட்டியிருக்கிறார். வேறு எப்படி இதைப் புரிந்துகொள்வது?

ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். தலைப்பு "வெள்ளம் இல்லாத பேழை". நேசத்திடம் படித்துக் காட்டினேன். "நான் அப்படியா வாசிச்சேன்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். சிரிக்கவில்லை.

ஜூன் 20, செவ்வாய்

நேசத்தைக் கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்துக் கண் பார்த்தேன். ஒரு கண்ணை மூடி, மறுகண்ணை மூடி. கடைசி வரியின் பொடி எழுத்து வரை தெரிகிறது. இரண்டு கண்ணும் நன்றாக இருக்கின்றன. கண்ணில் குறை இல்லை என்றால் குறையே இல்லை. என் தொழிலில் அப்படித்தான்.

ஜூன் 24, சனி

மகள் ஹெப்சிபா ஓசூரிலிருந்து வீடியோவில் பேசினாள். எடுத்த எடுப்பில், "அப்பா, அம்மா ஏன் தலைய ஒரு பக்கம் மட்டும் சீவியிருக்கா?" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். வலது பக்கம் எண்ணெய் வைத்துப் படியச் சீவியிருந்தது. இடது பக்கம் தூங்கி எழுந்தபடியே இருந்தது.

"அவசரத்துல சீவியிருப்பா" என்றேன்.

"எங்க போற அவசரம்? அம்மா, உனக்குத் தலை வலிக்கா?"

"காலையில எந்திக்கும்போது வலிக்கும், பொறவு சரியாயிரும்" என்றாள் நேசம். இதை என்னிடம் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை.

"அப்பா, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. வேற வேலை இருந்தாலும் போட்டுட்டுப் போங்க."

சரி என்றேன். பிள்ளைகள் தூரத்திலிருந்து எல்லாவற்றையும் பெரிதுபடுத்துவார்கள்.

ஜூலை 2, ஞாயிறு

இதழ் நேற்றே வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், இன்று கோயில் வளாகத்தில் எனக்குக் கல்யாண மாப்பிள்ளை மரியாதை. மருமகனைப் பறிகொடுத்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெள்ளத்தைத் தாண்டியாச்சுன்னு எழுதியிருக்கிய, அதப் படிச்சுட்டு நேத்துதான் தூங்குனேன்" என்று அழுதார்கள். வாலிபர் சங்கத்துப் பையன்கள் போனில் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

ஐயர் மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "நல்லா எழுதியிருக்கிய அண்ணாச்சி. ஒரு சந்தேகம். வெள்ளமே வரலன்னா அந்த மனுஷன் பேழைய எதுக்குக் கட்டணும்?"

செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"அக்கா வாசிக்கும்போது நீங்க புத்தகத்தைப் பாத்தியளா? அக்காவுக்கு மேலுக்கு முடியாம ஒண்ணும் இல்லையே?"

எனக்குச் சுருக்கென்றது. எழுதச் சொன்னவரே அவர்தான். எழுதியது நாலு பேருக்குப் பிடித்துவிட்டால் உடனே சந்தேகம். "நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த மாதத்துக்கு எழுதித் தருவதாகவும் வீம்புக்குச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 5, புதன்

மதியம் சாப்பிட வந்தேன். அடுக்களையில் இடதுபக்க அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே பாத்திரம் இல்லை. நேசம் வலதுபக்க அடுப்பில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்பு எரியுதே" என்றேன்.

"எரியாம எப்படிப் பொரிக்க?" என்றாள்.

எரிந்தும் வெந்துபோகாத முட்செடி, அதைப் பார்க்க மோசே விலகிப்போனது எல்லாம் ஞாபகம் வந்தது. கையிலிருந்த துண்டுத்தாளில் குறிக்கத் தொடங்கினேன். இரண்டு வரி எழுதிய பிறகுதான் அடுப்பை அணைக்கவேண்டும் என்று தோன்றியது.

ஜூலை 8, சனி

ஆதியாகமம் முடியப்போகிறது, இவ்வளவு சீக்கிரத்தில். நாலைந்து நாளுக்கு முன்னால் ஆபிரகாம் மகனைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டார். தாள் திரும்பியது. கத்தி இல்லை, புதரில் மாட்டிய ஆட்டுக்கடா இல்லை, ஊர் திரும்பிவிட்டார். இன்று யோசேப்பு. கனவு கண்ட பையன் அடுத்த தாளில் எகிப்து தேசத்துக்கே அதிகாரி. அண்ணன்மார் குழியில் போடவில்லை, விற்கவில்லை, சிறை இல்லை.

ஆகஸ்ட் இதழுக்கு "குழி இல்லாத யோசேப்பு" எழுதி ஐயருக்கு அனுப்பிவிட்டேன். எழுதும்போது முன்போல ஒரே மூச்சில் வரவில்லை. கை எழுதியது, மனம் வேறெங்கோ நின்றது. குழி இல்லை என்றால் அந்த அண்ணன்மார் பஞ்சத்தில் வந்து நிற்கும்போது யோசேப்பு ஏன் தனியறைக்குப் போய் அழுதார்? நேசம் அந்த அழுகையை மட்டும் வாசித்தாள். எதற்கு அழுகிறார் என்றே தெரியாத அழுகையாக இருந்தது.

ஐயர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. குழப்பமாக இருக்கிறது.

ஜூலை 15, சனி

இன்று ஒன்றையும் குறிக்கவில்லை.

ஜூலை 19, புதன்

நேசம் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் போனேன். பானையிலிருந்து கொதிக்கிற கஞ்சி அவள் இடது கைமேல் ஊற்றிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தபடி, மெல்லிய குரலில் ஒரு கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"நேசம்! கை!"

"எந்தக் கை?" என்றாள்.

பானையைப் பிடுங்கிக் கீழே வைத்து, அவள் கையைக் குழாயடியில் பிடித்தேன். "வலிக்கலையா?" என்றேன். "எதுக்கு வலிக்கணும்?" என்றாள். கை சிவந்திருந்தது, அவ்வளவுதான். அக்கினிச் சூளையில் நடமாடிய மூன்று பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்கள் மேல் நெருப்பின் வாடைகூட வீசவில்லை. எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷம் வந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, இதை எந்த மாத இதழுக்கு எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பத்து நிமிடத்தில் கொப்புளம் கிளம்பியது. சின்னதாக இரண்டு, பிறகு புறங்கை முழுக்க. நேசம் அதைப் பார்க்கவே இல்லை. மருந்து தடவும்போதும் வலது கையைத்தான் நீட்டினாள்.

கொப்புளத்துக்கு எந்த வசனமும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜூலை 20, வியாழன்

இன்று ஜெபத்துக்குச் சாய்வு நாற்காலியில் உட்காரவில்லை. நேசத்தின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். "என்ன அதிசயம்!" என்றாள். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

எங்கள் வேதாகமத்தில் பக்கத்துக்கு இரண்டு பத்தி. விரித்து வைத்தால் நாலு பத்தி. நேசம் வலது கை விரலை வைத்து வாசித்தாள். விரல் வலப்பக்கத்துத் தாளின் கடைசிப் பத்தியில் போய் நின்றது. மேலிருந்து கீழே வந்தது. அடிக்கு வந்ததும் தாளைத் திருப்பினாள். மறுபடியும் விரல் அதே வலது ஓரத்துக்குப் போனது. இடது தாள் முழுக்க, வலது தாளில் பாதி, எதையும் அவள் தொடவில்லை. மூன்று பத்திகள் அங்கே இருக்கின்றன என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"இங்க என்ன எழுதியிருக்கு நேசம்?" என்று இடது தாளில் விரலை வைத்துக் கேட்டேன்.

"எங்க?" என்றாள். தலையை இன்னும் வலது பக்கமாகத் திருப்பித் தேடினாள். "நீங்க எங்க காட்டுதியன்னே தெரியலையே அத்தான்."

இதுதான் தீர்க்கதரிசனம். இதைத்தான் ஊருக்குச் சொன்னேன். அந்த அம்மா இதைப் படித்துவிட்டுத்தான் தூங்கினார்கள்.

நான் ஜெபிக்கவில்லை. "இன்னிக்கு ஜெபம் இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

ஜூலை 21, வெள்ளி

ஜூன் 20 அன்று எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன். என் கடையில் கண் பார்க்கும் அட்டையில் வரிக்கு ஐந்து எழுத்து. நேசம் எல்லா வரியிலும் கடைசி இரண்டு எழுத்துகளை மட்டுமே வாசித்தாள். மற்றதைக் காட்டிக் கேட்டபோது, அங்கே எழுத்தே இல்லை என்றாள். முப்பத்தாறு வருடத்தில் இரண்டு பேர் என் நாற்காலியில் உட்கார்ந்து இப்படி வாசித்திருக்கிறார்கள். இரண்டு பேரையும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஒருவர் பிழைத்தார்.

எனக்குத் தெரியும். தட்டைத் திருப்பி வைத்தேனே, அது தற்செயல் இல்லை. அன்றைக்கே சோதித்துத்தான் பார்த்தேன். சோதித்ததைத் தெரிந்துகொள்ளப் பயந்தேன். வசனம் என்று சொல்லிவிட்டால் வியாதி இல்லை என்று ஆகிவிடும் என நினைத்தேனா? நினைத்தேனா என்றுகூட இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆண்டவர் பேசியதாக நான் நம்பியதும் பொய்யில்லை. இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருந்தன என்று எனக்கு விளங்கவில்லை.

ஹெப்சிபாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். பிறகு, "ஊர்ல தொங்குற போர்டெல்லாம் பாத்தியளேப்பா, அம்மாவப் பாக்கலையே" என்று சொல்லி அழுதாள். இன்று பஸ் ஏறுகிறாள்.

ஜூலை 24, திங்கள். மதுரை

ஆஸ்பத்திரியில் டோக்கன் எண் 22. இருபத்திரண்டாம் சங்கீதம் கைவிடப்பட்டவனின் புலம்பல். எனக்குப் பின்னால் இருந்த பெரியவருக்கு 23, மேய்ப்பனின் சங்கீதம். அவரிடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கப் போனேன். ஹெப்சிபா சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். இவ்வளவுக்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை.

டாக்டர் ஒரு காகிதத்தில் வட்டம் போட்டுக்கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். நேசம் அழகாகத் தொடங்கினாள். பன்னிரண்டு எண்களையும் வலது பாதியில் நெருக்கி நெருக்கி எழுதி முடித்தாள். இடது பாதி வெறுமையாக இருந்தது. "சரியா இருக்கா பாருங்க டாக்டர்" என்றாள், நன்றாகப் படிக்கிற பிள்ளை மாதிரி.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலது பக்கத்தில், சற்றுப் பின்னால், எலுமிச்சம்பழ அளவில் கட்டி.

"அவங்க கண் எல்லாத்தையும் பாக்குது சார். இடது பக்கத்தை மூளைதான் கவனத்துல எடுக்கல. அங்க ஒண்ணு விட்டுப்போச்சுன்னே அவங்களுக்குத் தெரியாது. எத்தனை நாளா இப்படி இருக்காங்க?"

ஹெப்சிபா என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரிஞ்சு ஜூன் ஒம்பதுல இருந்து" என்றேன். தேதியோடு சொல்கிற ஆளை டாக்டர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அப்பவே வந்திருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

வியாழன் அன்று அறுவை சிகிச்சை. கட்டி மூளை உறையிலிருந்து வளர்ந்த வகையாகத் தெரிகிறது, முழுவதும் எடுக்க முயல்வோம் என்றார். எடுத்தாலும் இடது பக்கம் எவ்வளவு திரும்பி வரும் என்று இப்போது சொல்ல முடியாது. மேஜையிலேயே எதுவும் நடக்கலாம் என்றும் சொன்னார். அதற்கான சம்மதக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 26, புதன்

எசேக்கியேலின் மனைவி ஞாபகமாகவே இருக்கிறது. அந்தத் தீர்க்கதரிசியினுடைய கண்களுக்கு அருமையானவளை ஆண்டவர் ஒரே நாளில் எடுத்துக்கொண்டார், ஜனங்களுக்கு அடையாளமாக. அழக்கூடாது என்றும் சொன்னார். மாலையில் அவள் செத்தாள், காலையில் அவர் பிரசங்கம் பண்ணினார். அந்தப் பகுதியை எத்தனை தடவை கேட்டிருப்பேன், கண்ணை மூடிக்கொண்டு! அந்த அம்மாவின் பேர்கூட எழுதப்படவில்லை என்பது இன்றுதான் உறைக்கிறது.

ஆண்டவரே, நான் தீர்க்கதரிசி இல்லை. கண்ணாடிக்காரன். எனக்கு அடையாளம் வேண்டாம்.

நேசத்துக்கு மொட்டையடித்துவிட்டார்கள். "இப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கா?" என்று ஹெப்சிபாவிடம் கேட்டுச் சிரித்தாள். பிறகு என்னைத் தேடினாள். நான் அவள் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். "அப்பா எங்க, கடைக்குப் போயிட்டாவளா?" என்றாள். எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்தேன்.

ஜூலை 27, வியாழன்

உள்ளே கொண்டுபோய் ஏழு மணி நேரம். சுவரில் ஏதேதோ எழுதியிருந்தது. படிக்கவில்லை.

ஜூலை 30, ஞாயிறு

கண்ணைத் திறந்தாள். "கஞ்சி வச்சியா?" என்று ஹெப்சிபாவைக் கேட்டாள். முழுக் கட்டியையும் எடுத்தாயிற்று, ஆபத்தில்லாத வகை என்கிறார்கள். நர்ஸ் விரட்டும் வரை அழுதேன்.

இடது பக்கம் இன்னும் அவளுக்கு இல்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஐயர் மதுரைக்கே வந்துவிட்டார், கையில் ஆகஸ்ட் இதழ். நேசத்துக்காக ஜெபித்தார். வெளியே வந்ததும், "குழி இல்லாத யோசேப்பப் போடல அண்ணாச்சி. அது ஒங்க எழுத்து மாதிரியே இல்ல. வெளியூர் போயிருக்காவன்னு போட்டுட்டேன். கோவிச்சுக்கிடாதிய" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த இதழில் நடந்ததை நடந்தபடி எழுதித் தருகிறேன் என்றேன். அந்த அம்மா வீட்டுக்கு நானே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர்கள் தூக்கத்தை நான் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் வேண்டுமா என்றும் தெரியவில்லை.

ஆகஸ்ட் 14, திங்கள். பாளையங்கோட்டை

வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. பயிற்சி கொடுக்கும் பெண் தினமும் காலையில் வருகிறார். "சார், எப்பவும் இடப்பக்கமே உக்காருங்க. காப்பி, போன், பேச்சு எல்லாம் அந்தப் பக்கத்துல இருந்து வரட்டும். அவங்க திரும்பணும். நூறு தடவை சொன்னாலும் நூத்தி ஒண்ணாவது தடவை சொல்லணும், எரிச்சல்படாம." பிறகு வாசிப்பதற்கு ஒரு வழி காட்டினார். பக்கத்தின் இடது ஓரத்தில் கண்ணில் குத்துகிற மாதிரி சிவப்பாக ஒன்றை வைக்க வேண்டும். அந்தச் சிவப்பைக் கண்டுபிடித்த பிறகுதான் வாசிக்க வேண்டும்.

வேதாகமத்திலேயே பக்கக் குறிக்குச் சிவப்பு நாடா இருக்கிறது. அதை இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக நீட்டி வைத்தேன். ராகாப் தன் ஜன்னலில் கட்டிய சிவப்பு நூல் ஞாபகம் வந்தது. வந்ததை வந்ததோடு விட்டுவிட்டேன்.

எட்டு மணிக்கு ஜெபம். அவள் இடப்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தேன். நோவாவிலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னேன். விரல் வலது ஓரத்துக்குப் போனது.

"நேசம், இந்தப் பக்கம் திரும்பு. சிவப்பைப் பாரு."

திரும்பவில்லை. மறுபடி சொன்னேன். மறுபடியும் சொன்னேன். அந்த ஆட்டோவில் கேட்ட குரல் எனக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது என்று நினைத்தேன். பத்தாவது தடவையோ பதினொன்றாவதோ, அவள் தலை மெதுவாக, கழுத்து நோகிறவள்போல, என் பக்கம் திரும்பியது. நாடா கண்ணில் பட்டது. அதற்கும் அப்பால் என் முட்டி, கை, முகம்.

"இங்கயா இருக்கிய?" என்றாள்.

விரலை நாடாவின்மேல் வைத்தாள். அங்கிருந்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள், எழுத்துக்கூட்டுகிற பிள்ளைபோல. மழை பெய்தது. ஊற்றுகள் பிளந்தன. தண்ணீர் பெருகிப் பேழையைத் தூக்கியது. மலைகள் மூடிப்போயின. மூச்சுள்ளவை எல்லாம் செத்தன. ஒரு பத்திக்கு அரை மணி நேரம் ஆனது. நான் கண்ணை மூடவில்லை.

நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "போன தடவை வாசிக்கும்போது இது இல்லையே அத்தான்."

"இருந்துச்சு நேசம். நான்தான் பாக்கல."

அவளுக்கு வியர்த்திருந்தது. மூடிவைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு மறுபடி நாடாவைத் தேடினாள். பேழையைச் சுற்றி இன்னும் நூற்றைம்பது நாள் தண்ணீர் பாக்கி இருந்தது.